மீன் பெட்டியில் சாக்லேட்டுக்கு வண்ணம்

சுனாமி வந்துபோன மறு வருஷம் எங்கள் படுக்கையறை முழுக்க ஊதா நிறமாகிவிட்டது. தலையணை ஊதா, அலமாரி ஊதா, நான் தொழுகைக்கு மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியும் ஊதா. சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியை நகத்தால் சுரண்ட வேண்டும். இத்தனைக்கும் காரணம் என் வீட்டுக்காரர் கையில் இருந்த ஒரு சின்னத் துப்பாக்கி.

அவர் துபாயில் ஒரு ஓட்டலில் இனிப்பு செய்யும் வேலை பார்த்தவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரோடு குடித்தனம் நடத்தியதெல்லாம் லீவு நாட்களில்தான். முகம் பழகி, சண்டை பிடிக்கிற அளவுக்கு நெருக்கம் வரும்போது பெட்டியைக் கட்டிவிடுவார். அந்தத் தடவை, “இனிமே போகல புள்ள, இங்கனயே தொழில் பண்ணப் போறேன்” என்று சொன்னார். பெட்டியைத் திறந்தால் எனக்குச் சேலை இல்லை, செண்டு இல்லை. காற்றடிக்கிற ஒரு மிஷின், பேனா அளவில் அந்தத் துப்பாக்கி, பிளாஸ்டிக் அச்சுகள், கலர் கலராகக் கோகோ வெண்ணெய்.

அந்த வெண்ணெயை இளக்கித் துப்பாக்கியில் ஊற்றி அச்சுக் குழிக்குள் பீய்ச்ச வேண்டும். அதன்மேல் சாக்லேட்டை ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்தால் பாசிமணி மாதிரி பளபளக்கும். பார்க்க அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பீய்ச்சுவதில் பாதிதான் அச்சுக்குள் போகும். மீதிப் பாதி புகையாக எழும்பி, காற்றிலேயே உறைந்து, தூசியாக இறங்கி, கண்ட இடத்திலெல்லாம் ஒட்டும். அது கொழுப்புச் சாயம். தண்ணீர் விட்டால் ஏளனமாகப் பார்க்கும், சூடான துணியால் துடைத்தால் இன்னும் நாலு இடத்துக்குப் பரவும்.

சன்னலைத் திறக்கலாம் என்றால் எங்கள் கீழக்கரை வெயிலில் சாக்லேட் உறையாது, ஓடும். மூடிக்கொண்டு ஏசி போட்டால் புகை வெளியே போகாது. வீட்டில் ஏசி இருந்தது எங்கள் அறையில் மட்டும்தான். ஆக மொத்தம் நான் வெளியே, வண்ணம் உள்ளே.

“எங்கன படுக்கச் சொல்றீக என்னைய?” என்று கேட்டால் அச்சைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். என் உம்மா வந்து நடுவில் விழும். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். அதனால் உம்மாவுக்கு அவர் ராஜா, நான் வேலைக்காரி. “மாப்புள தொழில் பண்றாக, நீ என்னடி தொணதொணங்குற? ஊதா நல்ல கலர்தானே!”

தொழில் ஓடுமா ஓடாதா என்பது ஒரே ஒருவர் கையில் இருந்தது. ராமநாதபுரத்தில் பெரிய இனிப்புக் கடை வைத்திருந்த முதலாளி, “செஞ்சு கொண்டாங்க பாய், நல்லாருந்தா வாராவாரம் எடுத்துக்கிறேன்” என்று சொல்லியிருந்தார். அவர் எடுத்துக்கொண்டால் இவர் இங்கே இருப்பார். இல்லாவிட்டால் விசாவோடு ஒரு ஏஜெண்ட் தயாராக இருந்தார், தினமும் போன் அடித்துக்கொண்டு. அந்தப் போன் மணி கேட்டாலே ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடலாமா என்று இருக்கும். அதனால்தான் கடிகாரத்தைச் சுரண்டிக்கொண்டே பொறுத்துப்போனேன்.

புகையை அடக்க முதலில் கொசுவலையைக் கட்டினார். கட்டிலில் வலையைத் தொங்கவிட்டு, உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து அடித்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தவரைப் பார்த்து உம்மா, “யா அல்லாஹ்!” என்று அலறிவிட்டது. தாடி பச்சை, புருவம் பச்சை, மூக்குத் துவாரம்கூடப் பச்சை. வலைக்குள் இருந்த ஆளும் பச்சை, வலைக்கு வெளியே சுவரும் பச்சை. கொசுதான் மாட்டும், புகை மாட்டுமா? நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபம் வந்து, சாப்பிடாமல் மதியம் வரைக்கும் படுத்துக்கிடந்தார்.

அடுத்து மண்டபம் மீன்பிடித் துறைக்குப் போய் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி கொண்டுவந்தார். ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிற பெட்டி. படுக்கப் போட்டு, பின்பக்கம் ஓட்டை வெட்டி, சின்ன ஃபேன் ஒன்றை வைத்து, அச்சை உள்ளே நிறுத்தி அடித்தார். அட, ஒரு பொட்டுப் புகை வெளியே வரவில்லை! பெட்டி குளிர்ச்சியையும் பிடித்துவைத்தது. முடிந்த சாக்லேட்டையும் அதே மாதிரி இன்னொரு பெட்டியில் அடுக்கி மூடினார். இரண்டையும் நானே சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவியிருந்தேன். மூன்று பேரும் மோந்து பார்த்தோம். வாடையே இல்லை. “சந்தனமா மணக்குது” என்று உம்மா சத்தியம் செய்தது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் அவரோடு பஸ் ஏறினேன். கண்டக்டர், “என்ன மீனு பாய், நகரையா?” என்று கேட்டார். பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார் என்று சிரித்துக்கொண்டோம்.

கடை முதலாளி நெற்றி நிறையத் திருநீறு பூசியவர், பிறவிச் சைவம். ஒரு சாக்லேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “அடடா, மாணிக்கம் மாதிரில்ல இருக்கு!” என்றார். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. முதலாளி அதை வாயில் போட்டார். ஒரு தடவை மென்றார். அப்புறம் தாடை நின்றுவிட்டது. கண் கலங்கியது. எழுந்து பின்பக்கம் ஓடினார். கொப்பளிக்கிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

திரும்பி வந்தவர் பாவம், நல்ல மனுஷன், திட்டவில்லை. “பாய், கோவிச்சுக்கிராதீக. உள்ள என்ன மீனு வச்சிருக்கீக?”

“மீனா?” என்று இவர் ஒன்றை வாயில் போட்டு மென்றார். “அப்படி ஒண்ணும் தெரியலையே அண்ணே.” நானும் தின்றேன். எனக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மீனை மோந்த மூக்கு, அதற்கு எங்கே தெரியப்போகிறது! சாக்லேட்டில் இருக்கிற கொழுப்பு, சுற்றிலும் இருக்கிற வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று இவருக்குத் தெரியும். வாடை இருப்பதுதான் தெரியவில்லை.

வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “ஏஜெண்டுக்குப் போன் போட்டுடறேன் புள்ள” என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதோடு ஆத்திரமும் வந்தது. மீன் பெட்டிகளைத் தெருவில் எறிந்தேன். முக்குக் கடையில் புது டிவி வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது, கேட்டு வாங்கி வந்தேன். பின்பக்கம் ஓட்டை போட்டு ஃபேனை வைத்தேன். கலர்த்தூள் ஃபேனை அடைக்காமல் இருக்க முன்னால் துணி கட்ட வேண்டும். என் கல்யாணத்துக்கு எடுத்த, வெளியே போனால் போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டியை உருவி இழுத்துக் கட்டினேன்.

“ஏ புள்ள, அதுல கலர் ஒட்டினாப் போகாது!”

“போகாட்டிப் போகுது. நீங்க போகாம இருந்தா எனக்குச் சரி.”

 உம்மா முதல் தடவையாக என் பக்கம் வந்து, துணியின் முடிச்சை இறுக்கிக் கொடுத்தது. பிறகு அவர் துப்பாக்கியை எடுத்து, காற்றைக் குறைத்து, அச்சுக்குப் பக்கத்தில் பிடித்து, விட்டு விட்டு அடித்தார். புகை முழுக்கத் துணியில் போய் உட்கார்ந்தது.

மீனே பார்க்காத புதுத் தெர்மாகோல் பெட்டியில் சாக்லேட்டை அடுக்கிக்கொண்டு மறுபடி அதே கடை. இந்தத் தடவை முதலாளி தூரத்தில் நின்றே மோந்தார். பெட்டியை மோந்தார், பையை மோந்தார், கூச்சப்படாமல் என் வீட்டுக்காரர் கையையும் பிடித்து மோந்தார். ஓரத்தில் எலி மாதிரி ஒரு கடி கடித்தார்.  முழுசாக வாயில் போட்டார். இன்னொன்றையும் எடுத்தார்.

“வர்ற வாரம் எப்பக் கொண்டாருவீக?” என்று கேட்டார்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஏஜெண்ட், “பாய் இருக்காகளா தங்கச்சி? விசா விஷயமாப் பேசணும்” என்றார்.

“அவுக வேலைக்குப் போயிட்டாகளே.”

“அடடா, என்கிட்டச் சொல்லாமலேவா! எந்த நாட்டுக்கு?”

“எங்க வீட்டு ஏசி ரூமுக்கு” என்றேன். “சாயந்தரம் வந்துருவாக.”