அவளிடம் மட்டும் சொன்னது

நானும் அவளும் ஆரணியில் ஒரே கிரவுண்டில் பாஸ்கெட்பால் கற்றவர்கள். தொழில்முறை லீக்கில் எங்கள் முதல் சீசனில் வேறு வேறு டீமுக்குப் போனோம். புதுமுகங்களில் யார் கெட்டிக்காரி என்று டிவியில் எங்களை ஓயாமல் ஒப்பிட்டார்கள். அவள் தூரத்திலிருந்தே கூடைக்குள் போடுவாள். நான் உள்ளே புகுந்து மற்றவர்களுக்குப் பந்து கொடுப்பேன். அந்தப் பேச்சைக் கேட்டு இருவரும் போனில் சிரித்துக்கொள்வோம்.

நேருக்கு நேர் மோதிய அன்று, அவர்கள் டீம் என்னை இடது பக்கமே நெருக்கித் தள்ளியது. மணிக்கட்டு உடைந்ததிலிருந்து இடது கையால் பந்தைத் தட்டினால் எனக்கு வலிக்கும். எங்கள் கோச்சிடம்கூட மறைத்ததை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். பந்து திரும்பத் திரும்பக் கை நழுவியது. பாதி ஆட்டத்தில் என்னை வெளியே உட்காரவைத்தார்கள்.

முடிந்ததும் அவளிடம் போய், "நீதான் சொன்னியா?" என்றேன்.

"கோச் கேட்டுகினே இருந்தாரு, சொல்லிட்டேன். நீயா இருந்தாலும் சொல்லியிருப்ப."

"மாட்டேன்டி."

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

சிறந்த புதுமுகம் விருது அவளுக்குத்தான் கிடைத்தது. ஆரணி பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு மாலை போட்டார்கள். அதைப் பார்க்கப் போய் வந்த அம்மா, "வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டுச்சுடி" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.