மாப்பிள்ளை படகுக்கு ஐஸ் இல்லை

மீன்பிடித் துறையில் ஐஸ் கட்டிகளை உடைத்துப் படகுகளுக்குக் கொட்டுகிறவருக்குக் கடல் ஆகாது. படகில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். "கடல் பக்கமே போகாம கரையேறின ஒரே ஆளு" என்று படகுக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் பதிலுக்கு ஐஸ் உடைக்கும் மெஷினின் சுவிட்சைத் தட்டிவிடுவார். அந்தச் சத்தத்தில் எந்தக் கிண்டலும் காதில் விழாது.

கரையிலிருந்து சற்றுத் தள்ளி நீருக்கடியில் ஒரு பாறை உண்டு. களவா மீன்கள் அங்கேதான் கூடி முட்டையிடும். மீன் வரவரக் குறைந்துகொண்டே போக, முட்டைப் பருவம் முடியும்வரை அந்தப் பாறைப் பக்கம் போவதில்லை என்று படகுக்காரர்களே கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். சுற்றிலும் மிதவை கட்டினார்கள். மீறினால் அபராதமா என்று ஒருவர் கேட்டார்.

"காசு இருக்கறவன் கட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்," என்றார் சங்கத் தலைவர். "மீறின படகுக்கு ஒரு வாரம் ஐஸ் கிடையாதுன்னு வைங்க. எவன் கடலுக்குப் போறான்னு பாப்போம்."

எல்லோரும் கை தட்டினார்கள், கடைசி வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஐஸ்காரரும்தான். தட்டி முடித்த பிறகே, அந்த 'கிடையாது' தன் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவருக்கு உறைத்தது.

ஒருநாள் காலை வரிசையில் முதலில் நின்றது அவர் தங்கை கணவனின் படகு. ஐஸ் கொட்டும் குழாயைத் திருப்பப் போனவர், திறந்திருந்த மீன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பாதி கரைந்த ஐஸுக்கடியில் அத்தனையும் களவா, முட்டையால் வயிறு உப்பிய களவா.

"என்ன மாப்ள இது?"

"மீன்தான் மச்சான். பின்ன மாம்பழமா?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "வேற யாரும் பாக்கல. கொட்டி மூடுங்க. குடும்பத்துக்குள்ள இருக்கட்டும்."

தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்து, அலைந்து திரிந்து இந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டிவைத்தவர் அவர். நிறுத்தினால் தங்கை வீட்டு வாசல் அடைபடும். கொட்டினால் நாளைக்கு வேறு எவனையும் நிறுத்த முடியாது. இரண்டுக்கும் பயந்து மெஷினை அணைத்தார்.

"மெஷின் பழுது. ஐஸ் இல்ல."

பின்னால் மூன்று படகுகள் நிற்பதை மறந்துவிட்டார்.

"பழுதா? இப்பவரைக்கும் கடகடன்னு ஓடுச்சே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மூடியைக் கழற்றி, எந்தக் குறையும் இல்லாத பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திக்கொண்டிருந்தார். அடுத்த படகின் டிரைவர் இறங்கி வந்தார். "தள்ளுங்கண்ணே, நான் பாக்கறேன். வெயில் ஏறுது. மிதவையச் சுத்திக்கிட்டு தூரமாப் போய்ப் புடிச்ச மீனு, நாறிப் போயிரும்."

ஐஸ்காரர் மூடியை மாட்டினார். சுவிட்சைத் தட்டினார். அந்த இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னார்: "மெஷின் நல்லாத்தான் இருக்கு. இந்தப் படகுக்குத்தான் ஐஸ் இல்ல. ஒரு வாரத்துக்கு!"

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை மீன் அறையை டமாரென்று மூடினான். "இனிமே வீட்டுப் பக்கம் வந்துராதீங்க" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனான்.

மத்தியானம் தங்கை வந்தாள். தெருத்தெருவாக மீன் விற்கிறவள். தடை படகுக்குத்தான், அவளுக்கு இல்லை.

"ஐஸ்காரரே, ஒரு கூடை."

தினமும் வரும் 'அண்ணே' வரவில்லை. அவர் அள்ளிப் போட்டார். அவள் தலையில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"மெஷின் பழுதுன்னே நின்னிருக்கலாம்ல?"

"பின்னால மூணு படகு நின்னுச்சும்மா."

அவள் சுவரிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வாரம் அந்த மனுஷன் வீட்ல உக்காந்து என் உயிர வாங்கப் போறாரு. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. தூக்கிவிடு, தண்ணி ஒழுகுது பாரு."

அவர் இரண்டு கையாலும் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்.