கவுன்சிலர் எங்கள் அம்மாதான்

சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்த எங்கள் அம்மாவைப் பற்றி அமைதியாக நாலு வரி எழுதித் தரும்படி எங்கள் தேவாலயப் பங்கின் பெரியவர்கள் கேட்டார்கள். மன்னிக்க வேண்டும். எனக்கு அமைதி வரவில்லை.

அம்மா தூத்துக்குடியில் பிறந்தவர். திருமணமாகிக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து மரைன் ஹில்லில் குடியேறினார். ஞாயிறு பூசையில் பெண்களும் வாசகம் வாசிக்க வேண்டும் என்று எங்கள் பங்கில் முதலில் கேட்டவர் அவர்தான். பீடத்துக்குப் பூ அடுக்கினால் போதாதா என்றார்கள். “ஆண்டவர் உயிர்த்த சேதிய முதல்ல சொன்னது யாரு? ஒரு பொம்பளதானே!” என்று கேட்டுவிட்டுப் போய் வாசித்தார்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் தேர்தலில் நின்று வென்றார். நம் ஊர் வழக்கம் தெரியுமே, பதவி மனைவிக்கு, நாற்காலி கணவருக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பாவிடம்தான் எல்லோரும் மனுவை நீட்டுவார்கள்.

“கவுன்சிலர் சாப், ரெண்டு நாளா கொழாயில பானி வரல.”

“கவுன்சிலர் அந்தர் இருக்காங்க” என்று அப்பா வீட்டுக்குள்ளே கை காட்டுவார். “நான் சாயா போடுற ஆளு. உக்காருங்க.”

அம்மா அன்றே அந்த மனுவோடு அலுவலகப் படியேறிவிடுவார். புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளிய கடைசி வாரத்திலும், பக்கத்துக் கட்டில் பெண்ணுக்காக நர்சுகளிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவரின் கல்லறைக் கல்லில் பங்குக் குழு பொறித்துக் கொண்டுவந்தது என்ன தெரியுமா? ‘கவுன்சிலரின் அன்பு மனைவி.’ அப்பா எந்தத் தேர்தலிலும் நின்றதே இல்லை! “இத மாத்துங்க” என்றேன்.

“மெயின்லேண்ட்ல இருந்து கப்பல்ல வந்த கல்லு, பேட்டி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று மகளிடம் சொல்வதுபோல் சொன்னார் ஒரு பெரியவர். செத்த பிறகுமா ஒரு பெண் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்?

அந்தக் கல்லை நட விடாமல் கல்லறையைச் சுற்றி நின்ற வார்டுப் பெண்களுக்கு முதல் நன்றி. மருத்துவமனையில் இரத்தம் கொடுத்த லம்பா லைன் ஆட்டோக்காரர்களுக்கும், கடைசிவரை ஜெபித்த சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று முதலாண்டுத் திருப்பலி முடிந்ததும் புதிய கல்லை மந்திரிக்கிறார்கள். அதில் ‘கவுன்சிலர்’ என்ற சொல் அம்மாவின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. கணவர் பெயரை எங்கே பொறிப்பது என்று கல் வெட்டுபவர் கேட்டபோது அப்பா சொன்னார்:

“இதுல என் பேரு வேணாம் பாய். எனக்கும் ஒரு நாள் கல்லு வெப்பாங்கல்ல, அதுல போடுங்க, கவுன்சிலரோட புருஷன்னு.”