வரிசை மாறுகிறவர்

"கிடைக்கிற விலைக்கா, நீங்க சொல்ற விலைக்கா?" என்று கெருபோ கேட்டாள்.

முசெம்பி இன்னும் உட்காரக்கூட இல்லை. "கிடைக்கிற விலைன்னா எவ்வளவு, தங்கச்சி?"

"இப்ப ஒருத்தர் முப்பத்தெட்டு ஷில்லிங் தர்றாரு. ஆனா அவருக்கு ஐநூறு பங்குதான் வேணும். அடுத்தவர் முப்பத்தாறு. அதுக்கடுத்து முப்பத்துமூணு. உங்ககிட்ட மூவாயிரம் இருக்கு. உடனே வித்துடும், ஆனா என்ன விலைக்குப் போச்சுன்னு அப்புறந்தான் தெரியும்."

"நல்லாருக்கே! அப்படி ஒரு ஆட்டைக்கூட நான் சந்தைக்கு அனுப்ப மாட்டேன். நாற்பத்தொண்ணு போடு. அதுக்குக் கீழ போனா எனக்கு மில் இல்ல."

"போடுறேன். அதே விலைக்கு விக்க உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் நிக்கிறாங்க. அவங்களது போன பிறகுதான் உங்களது. நடுவுல விலையை மாத்தினா இடம் போயிடும், அண்ணே. திரும்பி வந்தா கடைசியிலதான் நிக்கணும்."

"நான் ஏன் மாத்தப் போறேன்?" என்றார் முசெம்பி.

அது திங்கட்கிழமை. கெருபோ நைரோபியில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் வாடிக்கையாளர்கள் சொல்வதைக் கணினியில் ஏற்றுகிறவள். முசெம்பி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். முன்பு கெரிச்சோவில் ஒரு தேயிலைக் கம்பெனியின் லாரி ஓட்டியபோது, மாதச் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த பங்குகள் அவை. ஊரில், மசீ சந்தையில், ஒரு மக்காச்சோள மாவு மில் விலைக்கு வந்திருந்தது. கமிஷன் போக நாற்பத்தொன்றுக்கு விற்றால் சரியாக அந்த விலை தேறும். வெள்ளிக்கிழமைக்குள் மில்காரரிடம் பங்கு விற்ற சீட்டைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மில் இன்னொருவருக்கு. இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த முதுகு இனி தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவருடைய பேருந்தில் போன பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். மொம்பாசா சாலை நெரிசலில் பக்கத்து வரிசை கொஞ்சம் நகர்ந்தால் போதும், அதில் நுழைந்துவிடுவார். நுழைந்ததும் அது நின்றுவிடும். "மாமா, நம்ம பக்கத்துல நின்ன தண்ணி லாரி அதோ போகுது!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "போகட்டும், அதுக்கு ஸ்கூல் கிடையாது" என்பார்.

செவ்வாய் காலை வாங்குகிறவர்கள் நாற்பதுக்கு ஏறினார்கள். முசெம்பி போன் செய்தார். "நாற்பத்திரண்டாக்கு."

"இடம் போயிடும், அண்ணே."

"ஊரே ஏறுறப்ப என்னை மட்டும் கீழ நிக்கச் சொல்றியா?"

கெருபோ மாற்றினாள். மதியம் ஒரு பெரிய ஆள் வந்து நாற்பத்தொன்றில் நின்றதையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாற்பத்திரண்டைத் தொடவில்லை. புதன்கிழமை முசெம்பி பழைய விலைக்கே திரும்பியபோது அவருக்கு முன்னால் புதிதாக ஆறு பேர் நின்றார்கள்.

"மாத்தாம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று கெருபோ யோசித்தாள். "நேத்தே முடிஞ்சிருக்கும்" என்றாள்.

பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, முசெம்பி போனை வைத்தார்.

வியாழன் முழுவதும் ஏழு தடவை கூப்பிட்டார். "எங்க நிக்கிறேன்?" நாலாவது. "இப்போ?" அதே நாலாவது. "முன்னால நிக்கிறவங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வாங்க ஆள் வந்தது. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் போனார்கள். முசெம்பியின் பங்குகளில் ஆயிரத்து எண்ணூறு போனது. இந்தத் தடவை கெருபோவே கூப்பிட்டாள்.

"ஆயிரத்து இருநூறுதான் பாக்கி, அண்ணே. இப்ப நீங்கதான் முதல் ஆள்."

"வாங்குறவன் இன்னும் இருக்கானா?"

"இருக்கிற மாதிரிதான் தெரியுது."

"அப்போ நாற்பத்தொண்ணரை…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பேருந்தின் எஞ்சின் அணைகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி, ஒரு உதவி பண்ணு. மூணு மணிக்குச் சந்தை மூடுற வரைக்கும் நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் போனை எடுக்காதே."