வேலியோரத்து மேடு

மாரி பிறந்தால் தோட்டவெளிக் கிராமத்தில் எங்கள் வீட்டு அத்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கிவிடும். முழங்கால் உயரத்துக்குச் சுவரில் ஈரம் ஏறிப் பூச்சு உதிரும். அதற்கு, வீட்டுக்கு முன்னால் உயர்த்திப் போட்ட றோட்டைத்தான் வருடக்கணக்காகத் திட்டினோம்.

இந்த முறை என் கணவர் வேலியோரம் மேடாகக் கிடந்த மணலை வெட்டித் தந்தார். நான் பனையோலைக் கடகத்தில் சுமந்து சுவரோரம் கொட்டினேன். தண்ணீர் வேலிப்பக்கம் ஓடும்படி முற்றத்தைச் சரித்துவிட்டோம். இடுப்பு விட்டுப்போயிற்று. அந்த மேடு எப்படி வந்ததென்று இருவரும் யோசிக்கவில்லை.

விடிந்ததும், ஊரில் திரியும் கழுதைகள் போட்ட விட்டை முற்றத்தில் கிடந்தது. விளக்குமாற்றை எடுத்து, என்றும்போல வாசலிலிருந்து வேலிவரை கூட்டினேன். படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கத்தினார்.

"நிப்பாட்டு! நேற்றுப் போட்ட மண்ணெல்லாம் வேலிக்குப் போகுது."

திரும்பிப் பார்த்தேன். விட்டையோடு மணலும் வேலியோரம், நேற்று மேட்டை வெட்டிய அதே இடத்தில் குவிந்திருந்தது.

"இனி வேலியில இருந்து வீட்டுப்பக்கமாக் கூட்டன்" என்றார்.

"குப்பையை வாசலுக்குக் கூட்டுற வீடும் இருக்கோ? நீங்கள் பேசாம இருங்கோ."

கடகத்தை உள்ளே எடுத்துவைக்க அவர் எழுந்தார். திரும்பவும் மண் சுமக்கவேணும், அது அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மிச்ச முற்றத்தையும் வேலிவரை கூட்டி முடித்தேன்.