அந்தக் கருணையை எடுத்துடும்மா

அமைச்சர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நடந்துவிடும் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

நான் சிங்கப்பூரிலேயே பிறந்தவள். தேக்கா வட்டாரத்தில் ஒரு நகைக்கடையில் வேலை. தஞ்சாவூர்க்காரரான என் கணவர் என்னோடு இங்கே தங்க அனுமதி கேட்டிருந்தோம். காரணம் சொல்லாமலே மறுத்துவிட்டார்கள்.

எங்கள் தொகுதி எம்.பி. ஓர் அமைச்சரும்கூட. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவர் மக்களைச் சந்திக்கும் நாளில் போய் வரிசையில் உட்கார்ந்தேன். என் விவரங்களைக் கேட்டு மனு தயாரித்த தமிழ்த் தொண்டூழியர் பெண், கடைசி வரியைத் தமிழில் சொன்னாள்: "கருணையோட பரிசீலிக்கணும்னு கேட்டிருக்கேன்." தலையாட்டினேன்.

அமைச்சர் மனுவைப் படித்தார். இது வேறோர் அமைச்சின் அதிகாரம், தான் கேட்டுப் பார்க்கலாமே தவிர உத்தரவு போட முடியாது என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அமைச்சரே கேட்கத்தான் முடியும் என்றால், நான் மட்டும் எதற்குக் கெஞ்ச வேண்டும்?

"அந்தக் கருணையை எடுத்துடும்மா," என்றேன் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணிடம். "ஏன் முடியாதுன்னு காரணம் கேட்டு எழுது."

"அக்கா, எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம் லா."

"எனக்கு வேணாம்."

அமைச்சர் சிரிக்கவில்லை. திருத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறுபடியும் மறுப்புதான் வந்தது, காரணமில்லாமல். நானும் மறுபடியும் போய் உட்கார்ந்தேன். என்னைக் கண்டதும் அந்தப் பெண்ணே கேட்டாள்: "காரணம் கேட்டுத்தானே அக்கா எழுதணும்?"

"ஆமா. இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தி எழுது."

முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. ஏன் என்று கேட்க எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.