ஜன்னலை மறைத்த இட்லிப்பூ

அன்று வாசலில் நான், கையில் அருவாளோடு. ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் என் வீட்டுக்காரி, தலகாணியில் சாய்ந்தபடி. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாசத்தில் வந்து இறங்கிய என் மகள். கொண்டுவந்து விட வந்த மாப்பிள்ளை. அவரோடு வந்த சம்மந்தியம்மா. ஐந்து பேர்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு இட்லிப்பூச் செடி. முட்டி உயரத்துக்கு வெட்டிவிடலாம் என்று நின்றேன்.

"அண்ணே, இன்னா பண்றீங்க?" சம்மந்தியம்மாதான்.

"செடி வெட்றேம்மா."

"நல்லா வெட்டினீங்க போங்க. புள்ளத்தாச்சி கீற வூட்ல பச்சைய வெட்டுவாங்களா? கீழ வெய்யிங்க மொதல்ல."

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். மகள் எனக்குக் கண்ணைக் காட்டினாள். அருவாளைக் கீழே வைத்தேன்.

செடி நட்டது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். காஞ்சிபுரம் ரோட்டு நர்சரியில் வாங்கினேன். "குட்டை ரகம்ணா, முட்டியத் தாண்டாது" என்றார் நர்சரிக்காரர். முட்டியைத் தாண்டாத செடிக்கு எதற்கு இடம்? சாண் இடைவெளி விட்டு ஆறு நட்டேன். நெல் நடுகிறவன் புத்தி. ஜன்னலுக்குக் கீழே சிவப்பாகப் பூக்கும் என்று வீட்டுக்காரிக்கு ஆசை.

பூக்கவில்லை. வளர்ந்தது.

அதற்குள் அவள் பைப்படியில் வழுக்கி விழுந்தாள். தொடையில் கம்பி வைத்து அனுப்பினார்கள். வாக்கர் பிடித்தால் பாத்ரூம் வரைக்கும் போவாள். மற்ற நேரம் கட்டில்தான். எங்கள் வீடு பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது. காலையிலும் சாயங்காலமும் பால் ஊற்றப் போகிற பொம்பளைங்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். யார் மாடு கன்று போட்டது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் உள்ளே வரும். அது அவளுக்குச் சோறு மாதிரி. அதனால் செடி ஜன்னலைத் தொட்டால் நான் விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மேலே சீவி விடுவேன். ரோடு தெரியும். பூ மட்டும் இல்லை.

"இன்னாய்யா செடி வெச்ச? தழ திங்க ஆடு கூட இல்ல நம்மகிட்ட" என்பாள்.

நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"வாரா வாரம் கொழுந்த வெட்டினா எப்டிண்ணா பூக்கும்? பூ நுனியிலதான வரும்."

"வெட்டாம உட்டா?"

"ஆளு உசரம் போவும்."

"முட்டியத் தாண்டாதுன்னியே?"

"அது வேற ரகம்ணா. லோடுல கலந்து வந்துட்ச்சி."

அவரை என்ன செய்வது? ஒரே தடவை ஆழமாக வெட்டிவிட்டு அப்புறம் தொடாமல் விடச் சொன்னார். ஜன்னலுக்கு வருவதற்குள் பூத்துவிடுமாம். அதற்குத்தான் அன்று அருவாள் எடுத்தேன். சம்மந்தியம்மா வந்துவிட்டார்.

அவர் போன பிறகு வெட்டியிருக்கலாம். வீட்டுக்காரி விடவில்லை.

"நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா எந்தலையிலதான் வுழும். கம்முனு கெட."

"உனக்கு ரோடு தெரியாதுடி."

"தெரியாங்காட்டி போவுது."

மழை பிடித்துக்கொண்டது. செடிக்குக் கேட்க வேண்டுமா. ஜன்னல் கட்டையைத் தாண்டியது. கம்பிக்குள் இலையை நீட்டியது. கட்டிலை மாற்றிப் போடலாம் என்றால் அந்த அறைக்கு ஒரே ஜன்னல். வெட்டத்தானே கூடாது, கட்டலாமே என்று பழைய புடவையைக் கிழித்து ஆறையும் இரண்டு பக்கமாக இழுத்துக் கட்டினேன். ஒரு கிளை படக்கென்று முறிந்தது. யாரும் பார்க்கவில்லை. குப்பைக் குழியில் போட்டு மூடினேன். மறுநாள் முடிச்சு அவிழ்ந்து எல்லாம் பழைய இடத்துக்கே வந்து நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் செடியை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

அப்புறம் பூத்தது. இரண்டு வருஷம் கெஞ்சியும் பூக்காதது, கை வைக்காமல் விட்டதும் கொத்துக் கொத்தாகப் பூத்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். என்ன உரம் போட்டாய் என்று கேட்டார்கள். வாய் திறந்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று சும்மா இருந்தேன். அவர்கள் பார்த்தது செடியின் முகம். உள்ளே இருந்தவள் பார்த்தது முதுகு. குச்சியும் பழுத்த இலையும்.

ஒரு நாள் சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வந்த ஒருத்தி, தினமும் கம்பியைப் பிடித்தவள்தான், என்னிடம் கேட்டாள்.

"இன்னாண்ணா, அக்காவக் காணோம்? தங்கச்சி வூட்டுக்குப் பூட்டாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் செடிக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"செத்துட்டேன்னு சொல்லுய்யா. பதினாறாம் நாளுக்கு வரச் சொல்லு."

கேட்டவள் சிரித்துவிட்டுப் போனாள். உள்ளே சிரிப்பு இல்லை. அன்று ராத்திரி தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்ததும் சம்மந்தியம்மா பார்க்க வந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இட்லிப்பூ பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டார்.

"பாத்தீங்களாண்ணே, வெட்டாம உட்டதுக்கு எப்டி பூத்துக்கீது."

நான் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். மாடு விற்றதிலிருந்து சாமான் எல்லாம் அங்கேதான். அருவாளை எடுக்கவில்லை. கடப்பாரையை எடுத்தேன். அது ஆள் உயரச் செடி. அதை முட்டிக்கு இறக்கப் பார்த்தது என் தப்பு. ஒன்றுக்கு மூன்றடி இடம் வேண்டும். நான் கொடுத்தது ஒரு சாண். வெட்டி வெட்டி அதை வேறு செடியாக்க முடியாது.

"ஐயய்யோ, பூவோடவா?" என்றார் சம்மந்தியம்மா.

"கொழந்தைதான் பொறந்துட்ச்சே. அவரு இஷ்டம், உடுங்க" என்றாள் வீட்டுக்காரி உள்ளேயிருந்து. ரொம்ப நாளைக்கு அப்புறம் குரலில் தெம்பு.

வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்தவற்றைத் தோண்டினேன். இரண்டு ஓரத்தையும் விட்டேன். அவை பார்க்க நன்றாக இல்லை. உள்பக்கம் இலையே கிடையாது, மொட்டைக் குச்சி. வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. நிற்கட்டும்.

சாயங்காலம் பால் கேனோடு ஒருத்தி வந்தாள். கம்பியைப் பிடித்தாள்.

"இன்னாக்கா, இங்கதான் கீறியா?"

நான் மண்ணை மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தேன். நட்டது ஆறு. நிற்பது இரண்டு.